ஆதிகேசவன் உட்காரும் பெட்டி

"6.5.2025, செவ்வாய். செய்தது: மோட்டாருக்கு வயர் கொடுத்தேன். தவறு: சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஏறும் பொத்தானை அழுத்தினால் இறங்கியது. சேதம் ஒன்றும் இல்லை. ஆனால் கொடுக்கும்போது சரியாகத்தான் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேதான் கொடுத்தேன். அதுதான் பயமாக இருக்கிறது. நாளை: ஒவ்வொரு வயரிலும் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுத வேண்டும்."

கோமளா எழுதியதை ஒருமுறை படித்தாள். பயமாக இருக்கிறது என்ற இடத்தை அடித்துவிடலாமா என்று பேனாவை அதன் மேல் வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள். தவறு என்று தலைப்புப் போட்ட இடத்திலேயே மறைக்க ஆரம்பித்தால் அப்புறம் நோட்டு எதற்கு?

இருபத்திரண்டு வயது, பிளஸ் டூ கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள் அவள். பகலில் பொன்னேரியில் தினகரனின் மரச்சாமான் பட்டறையில் வேலை. பஸ் பிடித்து ஊர் திரும்பி, முகத்தைக் கழுவியும் கழுவாமலும் ஆறு மணிக்கு மாலை வகுப்பு. வகுப்பு நடப்பது மீன் ஏலக்கூடத்தில். விடிகாலையில் நண்டும் இறாலும் கொட்டிக் கூவி விற்கிற இடம், பத்து மணிக்கெல்லாம் கழுவிவிட்டுக் காலியாகிவிடும். சாயங்காலம் அங்கே பாய் விரித்துப் பதினோரு பேர் உட்காருவார்கள். பாடம் நடத்தும் வாத்தியார் சென்னையில் இருந்தார். அவர் முகமும் கரும்பலகையும் டிவி திரையில் வரும்.

வந்துகொண்டிருந்தது என்று சொல்வதுதான் சரி. ஏலக்கூடம் என்றால் எட்டுத் தூண், மேலே ஒரு கூரை, அவ்வளவுதான். சுவர் கிடையாது. ஜனவரியில் ஒரு அறக்கட்டளை கொடுத்த டிவியை இரும்புக் கம்பத்தில் மாட்டி வைத்தார்கள். இரவும் பகலும் கடலை ஒட்டிய ஏரியின் உப்புக்காற்று அதைத் தின்றது. முதலில் திரையின் ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு வந்தது. அப்புறம் வாத்தியாருக்குப் பாதி முகம் போனது. ஏப்ரல் பாதியில் மொத்தமும் செத்தது. அதிலிருந்து ஒரே ஒரு போனைச் சுற்றிப் பதினோரு தலை. எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்தே மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஜூன் கடைசியில் துணைத் தேர்வு.

அறக்கட்டளையிலிருந்து வரும் குணசுந்தரி மேடம் கறாரான ஆள். "இன்னொரு திரை இருக்கு. ஆனா அதையும் உப்புக்குக் கொடுக்க முடியாது," என்று சொல்லிவிட்டார். "சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வரேன். பாதுகாப்பா எங்க வைப்பீங்கன்னு காட்டுங்க. காட்டலைன்னா வேற ஊர்ல கேக்குறாங்க, அங்க போயிடும்."

யார் வீட்டிலாவது வைத்துத் தினமும் தூக்கிக்கொண்டு வரலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. அது யார் வீடு என்பதிலேயே சண்டை வந்து பேச்சு அமுங்கிப் போனது.

கோமளாவுக்குத்தான் அந்தக் கட்டில் ஞாபகம் வந்தது. போன வருடம் பட்டறையிலிருந்து ஒரு பெரிய வீட்டுக்குக் கட்டில் செய்து கொடுத்தார்கள். அதன் கால்மாட்டுப் பலகை வெறும் பெட்டி மாதிரி இருக்கும். ரிமோட்டை அழுத்தினால் மேல்மூடி திறந்து, உள்ளிருந்து டிவி சத்தமில்லாமல் எழுந்து நிற்கும். மறுபடி அழுத்தினால் இறங்கி மறைந்துவிடும். அந்த வீட்டுக்காரர் பெரிய டிவி வாங்கியதும் டிவியை ஏற்றி இறக்கும் பழைய தூக்கியைக் கழற்றிப் பட்டறை மூலையில் போட்டிருந்தார்கள். குழாய்க்குள் குழாயாக நீளும் இரண்டு இரும்புக் கால், நடுவில் ஒரு மோட்டார். ஒரு கால் கொஞ்சம் தேய்ந்து ஆடியது. தினகரனிடம் கேட்டாள்.

"எடுத்துக்கினு போ. ஆனா சம்பள நேரத்துல அதை நோண்டக் கூடாது," என்றார் அவர்.

தூக்கி கிடைத்துவிட்டது. வைக்கப் பெட்டி? அதுவும் ஏலக்கூடத்திலேயே இருந்தது. மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற பெரிய பெட்டி. ஆள் படுக்கிற நீளம் இல்லை என்றாலும் பிள்ளை படுக்கலாம். கெட்டிப் பிளாஸ்டிக் சுவர், நடுவில் தெர்மாகோல், மூடியின் விளிம்பில் ரப்பர். குளிரை வெளியே விடாத பெட்டி உப்புக்காற்றை மட்டும் உள்ளே விடுமா என்ன? அடித்துளை ஒழுகுகிறது என்று அதை ஐஸுக்குப் பயன்படுத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பல வருடமாக அது ஆதிகேசவனின் ஆசனம். ஏலம் கூவுபவர் அவர்தான்.

"இன்னாம்மே சொல்றே?" என்றார் அவர், விஷயத்தைக் கேட்டதும். "நான் குந்தினு ஏலம் கூவிக்கினு கீறப்போ டிவி மேல ஏறிச்சுன்னா? என் கதி இன்னா ஆவுறது?"

கூட வந்திருந்த பிலோமினா சும்மா இருப்பாளா? நண்டு பிடித்து விற்கிறவள், முப்பத்தெட்டு வயதில் பத்தாவது எழுதுகிறவள், வகுப்பிலேயே வாய் பெரியவள். "ஏறட்டுமே மாமா. தேர்ல சாமி போற மாதிரி போவே. நாங்க கற்பூரம் காட்டுறோம்."

"நீ வாய மூடு. ஒன் நண்டு எல்லாம் நாளைக்குக் கடைசியிலதான் கூவுவேன்."

"மாமா, சாவி போட்டாத்தான் மோட்டாருக்குக் கரண்டே போவும்," என்றாள் கோமளா. "காலையில சாவி உங்ககிட்ட இருக்கட்டும். சாயந்தரம் என்கிட்ட குடுங்க."

ஆதிகேசவன் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், தன் சொத்தைப் பாகம் பிரிப்பவர் போல. "சாவி என் இடுப்புலதான் இருக்கணும்," என்று ஒப்புக்கொண்டார்.

பெட்டி நாலு நாள் கோமளா வீட்டில் இருந்தது. ஏலத்துக்கு ஆதிகேசவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தார். வயருக்கெல்லாம் எண் எழுதினாள். மூடியை இரண்டாக அறுத்துக் கீல் போட்டு, வெட்டிய விளிம்பில் சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டினாள். ஒழுகும் துளையை அடைத்தாள். எடைக்காக, செத்த டிவியையே தூக்கியில் மாட்டினாள். வியாழன் இரவு நோட்டில் எழுதினாள்: "பதினாலு முறை ஏற்றி இறக்கினேன். பதினாலு முறையும் சரி. தவறு: இன்று எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகாது. நாளை: கூடத்தில் வைத்து ஏற்றிப் பார்க்க வேண்டும்."

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்குப் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுபோய் ஆதிகேசவனின் இடத்திலேயே, அது வழக்கமாக இருக்கிற மாதிரியே, நீளப் பக்கம் ஏரியைப் பார்க்க வைத்தார்கள். மற்ற ஏழு பேரும் பாயில் உட்கார்ந்துகொண்டார்கள். ஆதிகேசவன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார், ஏதோ கோயில் கதவைத் திறக்கக் கொடுக்கிறவர் போல.

கோமளா பொத்தானை அழுத்தினாள். மூடி இரண்டு பக்கமும் விரிந்தது. செத்த டிவியின் கறுப்புத் தலை மேலே வந்தது. யாரோ கை தட்டினார்கள். பாதி உயரம் வந்தது. அங்கேயே நின்றது. மோட்டார் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது, பிறகு அதுவும் நின்றது. ஃப்யூஸ் போய்விட்டது.

"செத்தது எழுந்துக்கினு வருமா? அதான் பாதியில யோசிக்குது," என்றாள் பிலோமினா. சிரித்தார்கள். கோமளா சிரிக்கவில்லை.

வேறு ஃப்யூஸ் போட்டாள். மறுபடி ஏற்றினாள். அதே பாதி உயரம், அதே முனகல். மூன்றாவது முறையும் அப்படியே. மோட்டார் சூடாகி வாசனை வர ஆரம்பித்தது. நிறுத்திவிட்டாள்.

வீட்டில் பதினாலு முறை. இங்கே மூன்றுக்கு மூன்றும் தோல்வி. பட்டறையில் ஆணி அடிக்கிறவளுக்கு மோட்டார் எதற்கு என்று எல்லோரும் நினைப்பதாக அவளுக்குத் தோன்றியது. யாரும் அப்படி நினைக்கவில்லை. அதற்குள் பாதிப் பேர் வேறு கதை பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அவள் நோட்டைத் திறந்து கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்தாள். வீட்டில் இருந்தது ஒரு பக்கம், இங்கே இருப்பது ஒரு பக்கம். மின்சாரம்? மீட்டரை வைத்துப் பார்த்தாள், வீட்டில் இருந்த அளவுதான். எடை? அதே டிவி. கிரீஸ்? காலையில்தான் தடவியது. தரை? மட்டப்பலகையை வைத்துப் பார்த்தாள், குமிழி நடுவில் நின்றது. எழுத வேறு ஒன்றும் இல்லை. பேனாவை மூடினாள். நோட்டின் தாள் படபடவென்று தானே புரண்டது. கையால் அமுக்கினாள், கையை எடுத்ததும் மறுபடி புரண்டது.

எழுந்து போய், பாதியில் நிற்கும் டிவியின் முகத்தில் உள்ளங்கையை வைத்தாள். சும்மா வைத்த கையோடு சேர்ந்து திரை லேசாகப் பின்னால் போனது, கையை எடுத்தும் முன்னால் வரவில்லை. ஏரியைத் திரும்பிப் பார்த்தாள். சாயங்காலக் கொண்டல். கிழக்கே கடலில் கிளம்பி ஏரியைத் தாண்டி நேராகக் கூடத்துக்குள் வீசிக்கொண்டிருந்தது. கரையில் கட்டிய படகுகள் எல்லாம் ஒரே பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு இருந்தன.

"அக்கா, அந்தத் தார்ப்பாயை எடு. நாலு பேரு வந்து டிவிக்கு முன்னால புடிச்சுக்கினு நில்லுங்க."

"இன்னாடி, செத்ததுக்குப் பந்தலா?"

"புடி அக்கா, சொல்றேன்."

தார்ப்பாய் வயிறு உப்பியது. நாலு பேரும் பின்னால் சாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். கோமளா பொத்தானை அழுத்தினாள். டிவி இடுப்பளவு எழுந்தது, மார்பளவு எழுந்தது, முழுசாக எழுந்து நின்றது. இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். ஐந்து முறை. பிறகு தார்ப்பாயை எடுக்கச் சொன்னாள். பாதியில் சிக்கியது.

"காத்து," என்றாள். சந்தோஷப்படுவதா அவமானப்படுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. "மேல ஏற ஏற பாய் விரிச்ச மாதிரி காத்தை வாங்குது. கால் ஏற்கனவே தேஞ்சது. அது சாஞ்சு குழாய்ல சிக்குது."

பிலோமினா வாயில் கை வைத்தாள். "அடிப்பாவி. படகுக்காரன் பொண்ணு நீ. பாயைக் காத்துக்கு எதிர வச்சு ஏத்துவியா?"

ஏன் ஏற்றினாள்? கோமளா அதைத்தான் யோசித்தாள். இந்த ஊரில் எதை வைத்தாலும் ஏரியைப் பார்த்துத்தான் வைப்பார்கள். வீட்டு வாசல், டீக்கடை பெஞ்சு, மாதா சிலை வைத்த கெபி, எல்லாமே. போன படகு வருகிறதா என்று பார்க்க வேண்டுமே. எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்று யாரும் கேட்பதில்லை, கையே வைத்துவிடும். அவள் கையும் அப்படித்தான் வைத்தது. நோட்டில் எல்லாக் கேள்வியும் எழுதியிருந்தாள், எந்தத் திசை என்ற கேள்வியை மட்டும் எழுதவில்லை.

வழி சுலபமானது. பெட்டியைக் குறுக்கே திருப்பிவிட்டால் திரையின் விளிம்புதான் காற்றுக்கு நேரே வரும். காற்று இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போய்விடும். எட்டுப் பேரும் தென்பக்கம் உட்கார்ந்தால் போதும்.

"அது மட்டும் நடக்காது," என்றார் ஆதிகேசவன்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவர் விளையாடவில்லை.

"எந்தக் கூடை மொதல்ல கரை தொட்டுச்சோ அதான் மொதல்ல ஏலக் கல்லுல கொட்டணும். அது ஊர் வழக்கம். யாரு மொதல்ல வந்தான்னு பாத்துச் சொல்றது நானு. பெட்டி குறுக்க இருந்தா நான் தூணைப் பாத்துனு குந்தணும். அப்பால ஒருத்தன் வந்து, என் படகுதான் முன்னால வந்துச்சு, நீ பாக்கலைன்னு சட்டையப் புடிப்பான். நீ வந்து பதில் சொல்றியா?"

"குட்டைப் பக்கமா குந்துங்க மாமா. அப்பவும் ஏரிதான் தெரியும்."

"சின்னப் பலகையில குந்த நான் இன்னா கோழியா? தராசு எங்க வைக்கிறது, நோட்டு எங்க வைக்கிறது?"

கோமளா வாதாடவில்லை. வாதாடத் தெரியாது என்று அவளுக்கே ஒரு எண்ணம். ஆனால் எழுந்து போகவும் இல்லை. "சரி மாமா. காலையில உங்க பெட்டி உங்க மாதிரியே இருக்கும். சாயந்தரம் நாங்க திருப்புவோம். வகுப்பு முடிஞ்சதும் பழையபடி வச்சுடுவோம். ஒரு விரக்கடை தள்ளி இருந்தாலும் அன்னியோட நிறுத்திடுங்க."

"தினமுமா? அது இன்னா கனம் தெரியுமா?"

"எட்டுப் பேரு கீறோம்."

ஆதிகேசவன் எட்டுப் பேரையும் பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் நண்டு தேடுகிறவர்கள், இறால் கூடை சுமக்கிறவர்கள். அவர் பெட்டியை விட்டு விலகி நின்றார். கோமளா சுண்ணாம்பு எடுத்துப் பெட்டியின் நாலு மூலைக்கும் தரையில் அடையாளம் போட்டாள். ஈரச் சாக்கை அடியில் கொடுத்து இழுத்தால் பெட்டி முனகாமல் வந்தது. குறுக்கே திருப்பிப் பத்து முறை ஏற்றி இறக்கினாள். பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நாலு மூலையையும் கோட்டில் நிறுத்தினாள். ஆதிகேசவன் குனிந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை குணசுந்தரி மேடம் ஐந்து மணிக்குச் சொல்லி நாலே முக்காலுக்கே வந்துவிட்டார். காரின் பின் சீட்டில் அட்டைப்பெட்டியோடு புதுத் திரை படுத்திருந்தது. எல்லோர் கண்ணும் முதலில் அதன் மேல்தான் போனது.

"எங்க, பாதுகாப்பான இடம்?"

"நீங்க சாஞ்சுக்கினு நிக்கிறீங்களே மேடம், அதான்," என்றாள் பிலோமினா. மேடம் சட்டென்று பெட்டியை விட்டு நகர்ந்தார்.

சாக்கு நனைந்தது. எட்டுப் பேர் குனிந்தார்கள். படகைக் கரையேற்றும்போது போடுகிற சத்தத்தைப் பிலோமினா போட்டாள், மற்றவர்கள் வாங்கிச் சொன்னார்கள். பெட்டி ஒரே மூச்சில் திரும்பி நின்றது. கோமளா சாவியைத் திருகினாள். மூடி விரிந்தது. செத்த டிவி கொண்டலுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு, ஒரு இடத்திலும் தயங்காமல், மேலே வந்து நின்றது.

மேடம் கை தட்டவில்லை. கிட்டே வந்து உள்ளே குனிந்து பார்த்தார். ரப்பர் விளிம்பை விரலால் தடவினார். மூடச் சொல்லி, மூடியின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். திறந்து உள்ளே கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை காய்ந்தே இருந்தது. மறுபடி ஏற்றச் சொன்னார். டிவி முழுசாக எழுந்ததும் நேராகத் தூணுக்குப் போய் மின் சுவிட்சை அணைத்தார்.

"இப்போ கரண்ட் போயிடுச்சு. மழையும் வருது. இறக்குங்க."

கோமளா பொத்தானைப் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்தாள். "இறங்காது மேடம்," என்றாள். "கையால அமுக்கினாலும் இறங்காது, காலை ஏத்துற திருகு அப்படி. நான் இதை யோசிக்கலை."

ஏரியில் யாரோ படகு மோட்டாரை முடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டுத்தான் பிலோமினாவுக்குப் பொறி தட்டியது.

"அட, பேட்டரி! படகுல லைட்டுக்குப் போடுற பேட்டரி. எங்க வீட்ல ஒண்ணு கீது, ஒங்க நைனா படகுல ஒண்ணு கீது. கொண்டாந்து மாட்டிட்டாப் போச்சு. இரு, இதோ ஓடிப் போயி…"

"வேணாம் அக்கா."

"இன்னா வேணாம்? மேடம் நின்னுனு கீறாங்க!"

கோமளா கணக்குப் போட்டாள். இரண்டு பேட்டரியைத் தொடராகச் சேர்த்தால் மோட்டாருக்கு வேண்டிய இருபத்து நாலு வோல்ட் வரும். மனசுக்குள் கணக்கு சரியாகத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமையும் சரியாகத்தான் வந்தது.

"மேடம், பேட்டரியில இறங்கும்னுதான் நெனைக்கிறேன். ஆனா இப்போ அவசரத்துல மாட்ட மாட்டேன். பேட்டரி வயரை மாத்திக் குடுத்தா எரிஞ்சே போயிடும். செவ்வாய்க்கிழமை ஒருதரம் மாத்திக் குடுத்துட்டேன். வயருக்கு எண் போட்டு, லைன் கரண்டும் பேட்டரியும் ஒண்ணோட ஒண்ணு சேராத மாதிரி தனி சுவிட்ச் வச்சு, முதல்ல வெறும் மோட்டார்ல பாத்துட்டு மாட்டுறேன். ஒரு நாள் வேணும்."

குணசுந்தரி மேடம் பையைத் திறந்து திரையை ஒப்படைக்கும் தாள் இரண்டை எடுத்தார். கையெழுத்துப் போடுகிற இடத்தைப் பார்த்தார், பேனாவைத் திறக்கவில்லை.

"திங்கட்கிழமை அஞ்சு மணிக்கு வரேன். இதே மாதிரி சுவிட்சை அணைப்பேன். இறங்கிச்சுன்னா கையெழுத்து. இறங்கலைன்னா திரை திரும்பக் கார்ல ஏறும்." கார்க் கதவைத் திறந்தார். "அதுவரைக்கும் அட்டைப்பெட்டியைப் பிரிக்காம யார் வீட்லயாவது வைங்க. எதுக்கு ரெண்டு தரம் தூக்கிக்கிட்டு அலையணும்?"

இந்த முறை யார் வீடு என்று சண்டை வரவில்லை. ஆதிகேசவன் முன்னால் வந்து, "என் வீட்ல வைங்க, பீரோ பக்கத்துல இடம் கீது," என்றார். அட்டைப்பெட்டி போன பிறகு மின்சாரத்தைப் போட்டு டிவியை இறக்கினார்கள். பெட்டியைப் பழையபடி திருப்பச் சாக்கை எடுத்தபோது ஆதிகேசவன் கையை நீட்டி நிறுத்தினார். குட்டைப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஏரியைப் பார்த்தார். ஒரு தொடையைத் தூக்கிச் சரி செய்துகொண்டார்.

"படகு மூக்குல குந்தின மாதிரி கீது," என்றார். அது திட்டா பாராட்டா என்று யாருக்கும் விளங்கவில்லை. "இன்னிக்கு ஒரு நாளைக்கு இப்பிடியே கெடக்கட்டும். காலையில பாக்கலாம். தராசு நிக்கலைன்னா நீங்கதான் வந்து திருப்பணும்."

வீட்டுக்கு வந்ததும் கோமளா நைனாவிடம் பேட்டரியைக் கேட்டாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நம்ம படகு மட்டும் போவாது. எடுத்துக்கோ," என்றார் அவர். "ஈரக் கையோட தொடாத."

அவள் நோட்டைத் திறந்தாள்.

"10.5.2025, சனி. செய்தது: கொண்டலில் ஏற்றிக் காட்டினோம். தண்ணீர் ஊற்றினார்கள், உள்ளே போகவில்லை. தவறு: மின்சாரம் போனால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. நேற்றுத் திசையை யோசிக்கவில்லை. இன்னும் எதை யோசிக்கவில்லை என்று தெரியவில்லை.

நாளை: காலை நாலரைக்குக் கூடத்துக்குப் போய்த் தராசு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், நிற்காவிட்டால் எட்டுப் பேரையும் கூப்பிட்டுப் பெட்டியைத் திருப்ப வேண்டும். ஏலம் முடிந்ததும் நைனா படகிலிருந்து ஒன்று, பிலோமினா அக்கா வீட்டிலிருந்து ஒன்று, இரண்டு பேட்டரி. பட்டறைச் சாவியைத் தினகரன் அண்ணனிடம் கேட்டு மாற்றுச் சுவிட்ச் எடுத்து வர வேண்டும். வயருக்கு 7, 8 என்று எண். முதலில் டிவி இல்லாமல் வெறும் மோட்டார். பிறகு செத்த டிவியோடு இருபது முறை இறக்க வேண்டும். சாயங்காலம், காற்று இருக்கும்போது."